டம்ளர், வாட்டி, கப்: மாவைக் கிராமுக்கு மாற்றும் வழி

மும்பைக்கு வேலைக்கு வந்து, வாடகை வீட்டில் சொந்தமாக அடுப்பு பற்றவைக்கும் தமிழர்களுக்குச் சமையல் குறிப்பு மூன்று பக்கமிருந்தும் வரும். ஊரிலிருந்து அம்மா போனில் "ரெண்டு டம்ளர் மாவு போடு" என்பார். பக்கத்து ஃபிளாட் காக்கு (மராத்தி அத்தை) முறுக்கு மாதிரியான சக்லிக்கு "தீன் வாட்டி", அதாவது மூன்று சின்னக் கிண்ணம், என்று விரலை மடக்கிக் காட்டுவார். யூடியூபில் கேக் செய்பவர் ஒரு கப் என்பார். டம்ளர், வாட்டி, கப் மூன்றும் மூன்று அளவு. அது போதாதென்று, ஒரே டம்ளரில் அள்ளினாலும் மாவு இன்றைக்கு ஓர் எடை, நாளைக்கு ஓர் எடை விழுகிறது.

இதைச் சரிசெய்ய ஒரு தராசும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும் போதும். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இணையத்தில் கிடைக்கும் மாற்று அட்டவணையை அப்படியே இறக்கிவைத்துக்கொண்டால் வேலை முடிந்துவிடாது. அது வேறு யாரோ, வேறு மாவை, வேறு கப்பில் அளந்த கணக்கு. உங்கள் கப், உங்கள் மாவு, உங்கள் கை மூன்றையும் வைத்து நீங்களே ஓர் அட்டவணை போட்டுக்கொள்வதுதான் சரியான வழி. அதை எப்படிப் போடுவது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

மாவுக்கு மட்டும் ஏன் இந்தக் கஷ்டம்

அரிசி, பருப்பு, சர்க்கரை எல்லாம் கெட்டியான மணிகள். டம்ளரில் தலைதட்டி அளந்தால் ஏறக்குறைய ஒரே எடைதான் வரும். இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்று பாட்டி காலத்திலிருந்து டம்ளர் கணக்கில் போட்டும் தப்பாமல் வருவதற்கு அதுதான் காரணம். அங்கே தராசு தேவையே இல்லை.

மாவு அப்படியில்லை. அதன் துகள்களுக்கு நடுவே நிறையக் காற்று இருக்கிறது. டப்பாவில் நாலு நாள் அசையாமல் இருந்தால் மாவு அமுங்கும், சலித்தால் பொங்கும், டம்ளரைத் தரையில் ரெண்டு தட்டு தட்டினால் மறுபடி இறங்கும். 240 மி.லி. கப் ஒன்றில் மைதாவை எடுத்துக்கொள்ளுங்கள். சலித்த மாவை மெல்லத் தூவி நிரப்பினால் 110 முதல் 115 கிராம் வரும். டப்பாவில் இருப்பதைக் கிளறிவிட்டு, கரண்டியால் எடுத்துப் போட்டுத் தலைதட்டினால் 120, 125. கப்பையே டப்பாவுக்குள் விட்டு அள்ளினால் 140க்கு மேல் போகும். அள்ளி, குலுக்கி, தட்டி நிரப்பினால் 160 வரைகூடப் போகும். கப் ஒன்றுதான், மாவும் ஒன்றுதான், ஆனால் குறைந்த எடைக்கும் கூடிய எடைக்கும் நடுவே நாற்பது சதவீதத்துக்கு மேல் வித்தியாசம்.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். அமெரிக்காவில் கிங் ஆர்தர் என்ற மாவு நிறுவனம் ஒரு கப் மைதாவுக்கு 120 கிராம் என்று கணக்கு வைத்திருக்கிறது. அதே நாட்டில் சமையல் குறிப்புகளைச் சோதித்து வெளியிடும் அமெரிக்காஸ் டெஸ்ட் கிச்சன் 142 கிராம் என்கிறது. இரண்டு பேருமே சரிதான். அவரவர் அள்ளும் விதத்துக்கு அவரவர் கணக்கு. குறிப்பை யார் எழுதினார் என்று பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால், மூன்று கப் மாவில் 66 கிராம் கூடியோ குறைந்தோ போகும்.

எல்லாச் சமையலுக்கும் எடை வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பஜ்ஜி மாவைக் கரைக்கும்போது கரண்டியிலிருந்து அது வழியும் விதத்தைப் பார்த்தே தண்ணீரைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். சப்பாத்தி மாவு பதமானது கைக்குத் தெரிந்துவிடும். ஆனால் கேக், பிஸ்கட், பாவ் (மும்பை பன்), நான்கடாய் இதிலெல்லாம் அடுப்புக்குள் போன பிறகு திருத்த முடியாது. ஓமப்பொடி, முறுக்கு போன்றவற்றைத் தீபாவளிக்கு மொத்தமாகப் போடும்போதும் எடை பெரிய துணை. தாராவியில் முறுக்கும் சக்லியும் சுட்டு விற்கும் தமிழ்க் குடும்பங்கள் மாவைக் கிலோக் கணக்கில்தான் போடுகின்றன. தினமும் ஒரே ருசி வரவேண்டும் என்றால் வேறு வழியில்லை.

முதல் வேலை: தராசு

ஐந்து கிலோ வரை தாங்கக்கூடிய, ஒரு கிராம் வரை காட்டக்கூடிய டிஜிட்டல் தராசு வாங்குங்கள். மேல்பக்கம் தட்டையாக இருக்கட்டும். கிண்ணத்தோடு சேர்ந்து வரும் வகையில் பெரிய பாத்திரம் உட்காராது. டேர் பட்டன் கட்டாயம் வேண்டும். காலிப் பாத்திரத்தை வைத்து அந்தப் பட்டனை அழுத்தினால் எண் பூஜ்யத்துக்கு வந்துவிடும். பிறகு போடுவது மட்டும்தான் எடையில் காட்டும். ஒரே பாத்திரத்தில் மைதா, பூஜ்யம், சர்க்கரை, பூஜ்யம், பால் என்று வரிசையாகக் கொட்டிக்கொண்டே போகலாம். கழுவ வேண்டிய பாத்திரமும் ஒன்றுதான். மும்பை வீட்டின் சின்ன சிங்க்குக்கு அதுவே பெரிய உபகாரம்.

தராசைச் சமமான கடப்பா மேடையில் வையுங்கள். துணி மேலோ, பிளாஸ்டிக் விரிப்பு மேலோ வைத்தால் எண் ஆடும். பேட்டரி தீரும் நிலையில் இருந்தாலும் ஆடும்.

வாங்கிய தராசு சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. பத்து ரூபாய் நாணயம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7.7 கிராம். பத்து நாணயங்களைச் சேர்த்து வைத்தால் 77 கிராம் காட்ட வேண்டும். ஒரு கிராம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. நாலைந்து கிராம் தள்ளிக் காட்டினால் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: உங்கள் கப்பின் கொள்ளளவு

இதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். கடையில் கப் என்று விற்பதெல்லாம் ஒரே அளவு கிடையாது. அமெரிக்கக் கப் 237 மி.லி., அதைச் சிலர் 240 என்று முழுமையாக்கிக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியக் கப் 250. ஜப்பானியக் கப் 200. ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் பெரும்பாலும் 180தான். அதை அளவுக் கப் என்று நினைத்து கேக் மாவு அளந்தால் கால் பங்கு குறைந்துவிடும்.

கப்பைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீரில் ஒரு மி.லி.க்கு ஒரு கிராம் என்பதால், தராசு காட்டும் எண்தான் உங்கள் கப்பின் மி.லி. அதே மாதிரி காபி டம்ளர், எவர்சில்வர் டம்ளர், வாட்டி எல்லாவற்றையும் அளந்து, பாத்திரத்தின் அடியில் மார்க்கரால் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் டம்ளர் ஊரில் இருக்கிறதே என்றால், போனில் கேட்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் அவருடைய டம்ளரால் எத்தனை டம்ளர் பிடிக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து பிடித்தால் டம்ளர் 200 மி.லி. ஆறு பிடித்துக் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தால் 160 சுற்றி. பாட்டிலை அதன் அடையாளம் வரைதான் நிரப்ப வேண்டும், கழுத்து வரை போகக் கூடாது என்பதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்.

பாட்டி கணக்கு படியிலும் ஆழாக்கிலும் வந்தால்: எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆழாக்கு 168 மி.லி., படி 1.34 லிட்டர் என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் படி ஊருக்கு ஊர் மாறியது. மெட்ரிக் அளவைக் கொண்டுவந்த சட்டம் 1956இல்தான் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு படி. பழைய குறிப்பு என்றால் முதல் தடவை பாதி அளவில் செய்துபாருங்கள்.

மூன்றாவது: மாவை எடை போடுதல்

இதுதான் முக்கியமான படி, அவசரப்படாமல் செய்யுங்கள். மாவு டப்பாவைத் திறந்து, கரண்டிக் காம்பால் அடிவரை நன்றாகக் கிளறிவிடுங்கள். காலிக் கப்பைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, வெளியே எடுத்துத் தட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கரண்டியால் மாவை எடுத்து எடுத்து, கப் குவியும் வரை போடுங்கள். அழுத்தக் கூடாது, குலுக்கக் கூடாது, கப்பைத் தட்டவும் கூடாது. கத்தியின் முதுகை விளிம்பில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்துத் தலைதட்டுங்கள். கப்பின் வெளிப்பக்கம் ஒட்டிய மாவைத் துடைத்துவிட்டுத் தராசில் வையுங்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு, மாவைத் திரும்ப டப்பாவில் கொட்டிக் கிளறி, இன்னும் இரண்டு முறை இதேபோல் செய்யுங்கள்.

மூன்று எண்கள் கிடைக்கும். உதாரணத்துக்கு 120, 124, 122. சராசரி 122. மூன்றும் பத்து கிராமுக்கு மேல் விலகி நின்றால் கை இன்னும் நிதானப்படவில்லை என்று அர்த்தம், மறுபடி அளந்துபாருங்கள்.

பிறகு ஒரு தடவை கப்பை நேராக டப்பாவில் விட்டு அள்ளி, தலைதட்டி எடை போடுங்கள். அந்த எண்ணையும் தனியாகக் குறித்துவையுங்கள். வீடியோக்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் அள்ளுகிறார்கள். அவர்கள் குறிப்பைச் செய்யும்போது இந்த இரண்டாவது எண்தான் உங்களுக்குப் பயன்படும்.

தராசு இன்னும் வாங்கவில்லையா? அதற்கும் வழி இருக்கிறது. பாக்கெட் மாவின் மேல் நிகர எடை அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். புது அரைக் கிலோ கடலை மாவு பாக்கெட்டைப் பிரித்து ஒரு பெரிய பாத்திரத்தில் கொட்டிக் கிளறி, உங்கள் கப்பால் தலைதட்டி எத்தனை கப் வருகிறது என்று எண்ணுங்கள். ஐந்தேகால் கப் வந்தால், 500ஐ 5.25ஆல் வகுக்க, ஒரு கப் 95 கிராம். நிறையக் கப் அளப்பதால் கைத் தவறும் சமன்பட்டுவிடும். தராசு உள்ளவர்களும் ஒரு தடவை இப்படிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நான்காவது: கணக்கு

மாவின் எடையைக் கப்பின் மி.லி.யால் வகுத்தால், ஒரு மி.லி. மாவு எத்தனை கிராம் என்று வரும். 122ஐ 240ஆல் வகுத்தால் 0.51. அந்த ஓர் எண் கையில் இருந்தால் எந்தப் பாத்திரத்துக்கும் மாற்றிவிடலாம். அம்மாவின் 200 மி.லி. டம்ளருக்கு 102 கிராம். காக்குவின் வாட்டி 150 மி.லி. என்றால் 76 கிராம். 250 மி.லி. கப்புக்கு 127 அல்லது 128.

உங்கள் எண்கள் சரியான பக்கத்தில்தான் இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுக்கொள்ள, 240 மி.லி. கப்புக்கு, கரண்டியால் போட்டுத் தலைதட்டிய கணக்கில் சில எண்கள் தருகிறேன். இதைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மைதா: 120–125 கிராம்
கோதுமை மாவு: 115–130
கடலை மாவு, சலித்தது: 90–100
கடை அரிசி மாவு: 140–160
ரவை: 160–170
கார்ன் ஃப்ளோர்: 115–130
கோகோ பவுடர்: 85 சுற்றி
சர்க்கரை: 200
பொடித்த சர்க்கரை: 115–120
எண்ணெய்: 215–220
பால், தயிர்: 245 சுற்றி

கடலை மாவுக்கும் அரிசி மாவுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று கவனித்தீர்களா? 'ஒரு கப் மாவு சுமார் 125 கிராம்' என்ற ஒரே எண்ணை எல்லா மாவுக்கும் போடுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ராகி, கம்பு, சோள மாவுக்கு நான் எண் தரவில்லை. மும்பையில் நாச்னி, பாஜ்ரி, ஜ்வாரி என்று சக்கியில் (மாவு மில்லில்) கேட்டு வாங்கும் அந்த மாவுகள் ஒவ்வொரு சக்கியிலும் ஒவ்வொரு பருவட்டில் வரும். அவற்றை வாங்கிய அன்றே உங்கள் கப்பில் அளந்து குறித்துக்கொள்வதுதான் நல்லது.

கப்பில் எழுதிய வெளிநாட்டுக் குறிப்பைப் படிப்பது

மும்பையில் லாடி பாவ் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது என்றாலும், வீட்டில் சுட வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரு தடவையாவது ஆசை வரும். குறிப்பில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: மைதா 3 கப், தண்ணீர் 1¼ கப். அமெரிக்கக் கப்.

தண்ணீரில் குழப்பமில்லை, 296 கிராம். மாவை 120 கிராம் கணக்கில் போட்டால் 360 கிராம். தண்ணீரை மாவால் வகுத்து நூறால் பெருக்கினால் 82 சதவீதம். இதைத்தான் பேக்கரிக்காரர்கள் மாவுக்கு இத்தனை சதவீதம் தண்ணீர் என்று பேசுவார்கள். 82 சதவீதத்தில் மைதா கையில் ஈஷிக்கொண்டு வழியும்; உருண்டை பிடிக்கவே முடியாது. அதே மூன்று கப்பை 142 கிராம் கணக்கில் போட்டால் 426 கிராம். இப்போது தண்ணீர் 69.5 சதவீதம். மெத்தென்று, பிசைந்தால் கையை விட்டு வந்துவிடும் மாவு. பாவுக்கு அதுதான் வேண்டும்.

ஆகவே குறிப்பில் 'பிசைந்து உருண்டைகளாகப் பிடிக்கவும்' என்று எழுதியிருந்தால், எழுதியவர் கப்பை விட்டு அள்ளுபவர் என்று ஊகிக்கலாம். இப்படிச் சதவீதம் போட்டுப் பார்த்தால், மாவில் கை வைப்பதற்கு முன்பே குறிப்பின் குணம் தெரிந்துவிடும். சப்பாத்திக்குப் பிசையும் கோதுமை மாவு 60 முதல் 70 சதவீதம் தண்ணீர் வாங்கும் என்பதை ஓர் ஒப்பீடாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று: கல்லில் அரைத்த கோதுமை மாவு மைதாவைவிட அதிகத் தண்ணீர் குடிக்கும். தவிடு ஒரு காரணம். கல்லில் நசுங்கிய மாவுச்சத்து இன்னொரு காரணம். அதனால் மைதாக் குறிப்பில் கோதுமை மாவை மாற்றிப் போடும்போது மாவின் எடையை அப்படியே வைத்துத் தண்ணீரை மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள்.

இன்னொரு நுணுக்கம். 'சலித்த மாவு ஒரு கப்' என்றால் சலித்துவிட்டு அளக்க வேண்டும். 'மாவு ஒரு கப், சலித்துக்கொள்ளவும்' என்றால் அளந்துவிட்டுச் சலிக்க வேண்டும். எடையில் இது பத்து கிராம் வித்தியாசம். கிராமில் போடும்போது இந்தக் கவலையே இல்லை. எப்போது சலித்தாலும் 120 கிராம் 120 கிராம்தான்.

ஆஸ்திரேலியக் குறிப்பு என்றால் கப் 250 என்பதோடு, டேபிள் ஸ்பூனும் 15க்குப் பதில் 20 மி.லி. என்பதை நினைவில் வையுங்கள். அவுன்ஸில் எழுதியிருந்தால் ஓர் அவுன்ஸ் 28.35 கிராம்.

நம்ம பலகாரங்களுக்கு

ஓமப்பொடிக்குக் கடலை மாவு 2 கப், அரிசி மாவு ½ கப் என்பது பல வீடுகளில் உள்ள கணக்கு. நாலுக்கு ஒன்றுதானே என்று 200 கிராம் கடலை மாவும் 50 கிராம் அரிசி மாவும் போட்டால் தப்பு. கப் கணக்கில் கடலை மாவு 190 கிராம், அரிசி மாவு 75 கிராம். எடையில் இது இரண்டரைக்கு ஒன்று! நாலுக்கு ஒன்று என்று எடையில் போட்டால் அரிசி மாவு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துபோகும். மொறுமொறுப்பு கொடுப்பதே அந்த அரிசி மாவுதான். ஆகவே விகிதத்தை நேராக எடைக்கு மாற்றக் கூடாது. ஒவ்வொரு மாவையும் தனித்தனியே கிராமுக்கு மாற்றி, பிறகுதான் கூட்டவோ இரட்டிக்கவோ வேண்டும். நாலு டம்ளர் அரிசி மாவுக்கு ஒரு டம்ளர் வறுத்த உளுந்து மாவு என்று போடும் முறுக்குக்கும் இதே விதிதான்.

அதிரசம், கொழுக்கட்டைக்கு இடிக்கும் ஈரமாவுக்கு அட்டவணையே போட முடியாது. ஊறிய அரிசி ஏறக்குறைய தன் எடையில் கால் பங்குக்குத் தண்ணீரை உள்ளே வாங்கியிருக்கும். நிழலில் எவ்வளவு நேரம் உலர்த்தினீர்கள் என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். அதனால் மாவை விட்டுவிட்டு, ஊறப்போடும் முன் உலர்ந்த பச்சரிசியை எடை போடுங்கள். வெல்லக் கணக்கை அந்த அரிசி எடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்று தொடங்கலாம். ஈர அரிசியைப் பல சக்கிகளில் வாங்க மாட்டார்கள், கல்லில் அப்பிக்கொள்ளும் என்பார்கள். மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துச் சலிப்பதுதான் இங்கே வழி.

சின்ன அளவுகள்

சோடா, பேக்கிங் பவுடர், ஈஸ்ட், உப்பு இவற்றை ஒரு கிராம் தராசில் போடாதீர்கள். இரண்டு கிராம் பொருளில் அரை கிராம் தவறினால் கால் பங்கு தவறியதாகும். மெதுவாகத் தூவினால் பல தராசுகள் அதைக் கவனிக்கவே கவனிக்காது. 5 மி.லி. டீஸ்பூனால் தலைதட்டி அளந்தால் போதும். அந்த அளவில் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம், பொடியுப்பு 6 கிராம் சுமார் வரும். அடிக்கடி ரொட்டி சுடுபவர்கள் 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளலாம். மின்விசிறி ஓடும்போது அது நிலையாகக் காட்டாது. அளக்கும் நிமிஷம் அணைத்துவிடுங்கள்.

மும்பை மழையும் சக்கி மாவும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த ஊரில் உப்பே கசிந்து நிற்கும். மாவும் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும். விற்கும் மாவில் 14 சதவீதம் வரை ஈரம் இருக்கலாம் என்று உணவுப் பாதுகாப்பு விதி அனுமதிக்கிறது. திறந்த டப்பா மழைக்காலத்தில் அதையும் தாண்டக்கூடும். அப்போது நீங்கள் எடை போடும் 500 கிராமில் ஒரு பகுதி ஏற்கெனவே தண்ணீர். மாவைக் கூட்ட வேண்டாம். குறிப்பில் சொன்ன தண்ணீரில் இரண்டு மூன்று டேபிள் ஸ்பூனை முதலில் எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, மாவு பதத்தைப் பார்த்துக் கடைசியில் சேருங்கள். ஈரமாவு கட்டி தட்டுவதால் கப்பிலும் ஒழுங்காக உட்காராது. மழைக்காலத்தில் கப்பை நம்பாமல் தராசை நம்புவதற்கு இது இன்னொரு காரணம்.

சக்கியில் அரைத்து வாங்கிய கோதுமை மாவு சூடாக, பொங்கிக்கொண்டு வரும். வந்த சூட்டில் டப்பாவில் அடைத்து மூடினால் உள்ளே வியர்த்துவிடும். பெரிய தட்டில் பரப்பி, முழுக்க ஆறிய பிறகு அடையுங்கள். அட்டவணைக்கான எடையையும் ஆறிய பிறகே போடுங்கள். அரிசியோ உளுந்தோ அரைக்கக் கொடுத்தால், அதற்கு முன் கல்லில் என்ன ஓடியது என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்; முந்தைய ஆளின் கோதுமை மாவு கொஞ்சம் கலந்து வருவது சகஜம். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் வீட்டில் எடை பார்த்துவைத்தால், எவ்வளவு கழிகிறது என்பதும் சில தடவைகளில் பிடிபட்டுவிடும்.

அட்டை

அளந்த எண்களை எல்லாம் ஒரு தடித்த அட்டையில் எழுதி, அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். மாவின் பெயர், எந்தக் கடை அல்லது சக்கி, கப்பின் மி.லி., கரண்டியால் போட்ட எடை, அள்ளிய எடை, அளந்த மாதம். மாவு பிராண்டை மாற்றினால் புது வரி எழுதுங்கள். போனில் குறித்துவைத்தால் மாவுக் கையோடு திறக்க முடியாது, அட்டைதான் வசதி.

கடைசியாக ஒரு வழிமுறை, இதை நான் எல்லோருக்கும் அழுத்திச் சொல்வேன். அடுத்த தடவை அம்மாவோ அத்தையோ மும்பைக்கு வரும்போது, அவர்கள் கைப்பக்குவத்தை எடையில் பிடித்துவையுங்கள். இத்தனை கிராம் போடுங்கள் என்று அவர்களிடம் சொன்னால் கை தடுமாறும். அதற்குப் பதில், அவர்கள் தொடங்கும் முன் கடலை மாவு டப்பா, அரிசி மாவு டப்பா, தண்ணீர்ச் செம்பு, எண்ணெய்க் கிண்ணம் ஒவ்வொன்றையும் மூடியில்லாமல் எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அவர்கள் டம்ளரிலோ கைப்பிடியிலோ தங்கள் போக்கில் எடுத்துப் போடட்டும், இன்னும் கொஞ்சம் என்று கடைசியில் தூவுவதையும் தூவட்டும். பிசைந்து முடித்ததும் எல்லா டப்பாவையும் மறுபடி எடை போட்டுக் கழித்துக்கொள்ளுங்கள். கொட்டிய கடலை மாவு எத்தனை கிராம், தெளித்த தண்ணீர் எத்தனை கிராம் என்று முழுக் கணக்கும் கிடைத்துவிடும்.